தேயாத வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் காரில் நான் ஒரு நாளும் ஏறவில்லை.

கோழிப்பண்ணைக்காரர்களும் போர்வெல் வண்டிக்காரர்களும் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களுமாக நிறைந்த எங்கள் கல்லாங்காட்டுமேட்டில், ஒரு போல்ட்டின் விலையிலிருந்து ஒரு ஆக்ஸிலின் விலை வரைக்கும் பெண்டு பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடமாகத் தெரிந்த ஊரில், தீவன மில் பொங்கியண்ணன் கோயமுத்தூரில் யாரோ டாக்டர் வீட்டிலிருந்து அந்த வெள்ளைக் காரை, ஜீப்பும் இல்லாமல் காரும் இல்லாமல் நடுவாந்திரமாக நிற்கிற அந்த வெளிநாட்டுச் சாமானை, பாதி விலைக்கும் குறைவாகப் பேசி ஓட்டிக்கொண்டு வந்து, மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியபோது, ஊரே கூடிப் பார்த்தது. நான் தள்ளி நின்று பார்த்தேன். நாற்பது வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவன். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது பழம், சக்கரம் ஏறி இறங்கின பிறகும் முழுசாக உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. இது சரியில்லை என்றேன். யார் கேட்டார்கள்.

பொங்கியண்ணன் ஆசைக்காக அதை வாங்கவில்லை. மகன் கிருபாகரனுக்கு வயது முப்பத்திநாலு, பெண் கிடைக்கவில்லை. அவனுக்கு மட்டுமல்ல, ஊரில் அப்படிப் பதினோரு பேர் இருந்தார்கள்; பண்ணை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, மீசை நரைக்கிறது, பெண் இல்லை. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பாலக்காடு வரைக்கும் போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் கொண்டுவந்தார்கள், எந்த வண்டியில் வந்தீர்கள் என்றுதான் முதலில் எட்டிப் பார்க்கிறார்கள் என்று. அதனால் பொங்கியண்ணன் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு வண்டி வாங்கினான்.

வாங்குவது பெரிதில்லை, வைத்திருப்பதுதான் என்றேன். முன்விளக்கு ஒன்று போனால் ஒரு கறவை எருமை போச்சு. ஷாக் அப்சார்பர் ஜோடி மாற்றினால் பண்ணையின் ஒரு மாசத்து முட்டை போச்சு. ஆயில் மாற்றவே கோயமுத்தூர் போகவேண்டும், அங்கே டை கட்டின பையன் காப்பி கொடுத்து உட்காரவைத்துத் தோலை உரிப்பான். ஆறு மாசம் தாங்காது என்றேன்.

தாங்கியது. அதுதான் எனக்குச் சந்தேகம். கெட்டுப்போகிறது வண்டியின் குணம். கெட்டுப்போகாத வண்டி எதையோ மறைக்கிறது.

கிருபாகரனுக்கு அந்தக் காரில் போய்ப் பார்த்த முதல் பெண்ணே முடிந்தது. நிச்சயம் முடிந்து திரும்பி வரும்போது, கண்ணாடிக்குக் கீழே மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்ததாம், பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம், ஊர் எல்லை தாண்டியதும் தானாக அணைந்துவிட்டதாம். அன்று சாயங்காலம் கிருபாகரன் மில்லிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தான். வந்தவன் வீட்டு வாசலில் நிற்கவில்லை, நிற்க முடியவில்லை, வீட்டைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, எங்கே போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெரியவில்லையே என்று பதில் சொல்லிக்கொண்டே நடந்து, மேற்கே சோளத்தட்டுப் போரில் முட்டித்தான் நின்றான். ஒரு வாரம் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தவேண்டியிருந்தது. காரின் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பேடு புதிதாக இருந்தது.

அடுத்த விளக்கு ஷாக் அப்சார்பருக்கு. பொங்கியண்ணனின் இரண்டு முழங்காலும் அன்றைக்கே போயின. நடந்தால் கட்டில் கிறீச்சிடுகிற மாதிரி சத்தம். அதற்கடுத்தது ஹாரன். கோயில் கமிட்டித் தலைவர் சென்னியப்பன், ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று ஊருக்கு வரி கேட்கிற தொண்டை, மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் காற்று வந்தது. ஊர் முதலில் கொஞ்சம் பயந்தது, பிறகு கொஞ்சம் யோசித்தது, பிறகு பழகிவிட்டது. பழகினதற்குக் காரணம் உண்டு. பொங்கியண்ணன் ஷோரூமில் விசாரித்தான், ஷாக் அப்சார்பர் ஜோடி என்ன விலை என்று. பிறகு ஈரோட்டில் விசாரித்தான், முழங்கால் ஜோடி என்ன விலை என்று. முழங்கால் மலிவு. காப்பீட்டு அட்டை வேறு இருந்தது. காருக்கு அந்த அட்டை செல்லாது.

அப்புறம் அந்தக் காரை யார் விடுவார்கள். பதினோரு பேரில் ஆறு பேருக்குக் கல்யாணம் ஆனது. காரை இரவல் கேட்டு வாசலில் வரிசை நின்றது, பழநி, தேனி, பாலக்காடு என்று அது ஓயாமல் ஓடியது, ஓடி ஓடி ஒரு ஸ்குரூகூடத் தேயாமல் திரும்பி வந்தது, ஊரில் ஒருவருக்கு ஒரு கண் மங்கியது, ஒருவருக்கு வேர்ப்பது நின்றது, ஒருவருக்குக் கழுத்து ஒரு பக்கமே திரும்பியது. பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாம் வைத்தியத்தில் அடங்குகிற சேதம். கல்யாணச் செலவோடு சேர்த்து அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சேதம் யார்மேல் விழுகிறது என்பதைக் கண்டுபிடித்தது ஜெயந்தி டீச்சர். இடது கண் மங்கினது அவளுக்குத்தான், காரின் இடது விளக்குக்குப் பதிலாக. அவள் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தாள். காரில் முதன்முதலாக எந்த வரிசையில் ஏறினார்களோ அந்த வரிசையிலேயே விழுகிறது. முதலில் ஏறினவன் கிருபாகரன், இரண்டாவது அவன் அப்பன், மூன்றாவது சென்னியப்பன், அப்படியே இதுவரை பதின்மூன்று பேர். ஏறாதவனுக்கு ஒன்றுமில்லை.

நான் ஏறவில்லை. நாச்சாயியையும் ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தேன். நாச்சாயி என் வீட்டுக்காரி. சரி என்றாள். அந்த நோட்டில் இருந்ததைக் கேட்டபிறகு தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன், பொய் சொல்வானேன்.

காரின் புத்தகம் ஒன்று இங்கிலீஷில் இருந்தது, எந்தக் கிலோமீட்டருக்கு எதை மாற்றவேண்டும் என்று. பங்குனியில் ஒரு நாள் டீச்சர் அதைக் கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் வாசித்துச் சொன்னாள். அடுத்தது எண்பதாயிரத்தில் என்றாள். டைமிங் செயின். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பட்டறைக்காரன் என்பதால். சொன்னேன். இஞ்சினுக்குள்ளே எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் ஓட்டுகிற சங்கிலி அது. தேய்ந்தால் முன்கூட்டிச் சத்தம்கூடக் கேட்காது. அறுந்தால் இஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அப்புறம் எழுந்திருக்காது.

மண்டபத்தில் ஒவ்வொரு கையாக இடது நெஞ்சுக்குப் போனது.

பதினாலாவது ஆள் யார் என்று கேட்டார்கள். டீச்சரின் நோட்டில் அந்த இடம் காலி. பதின்மூன்றாவதாக ஏறினது கிருபாகரனின் பெரியம்மா, அவன் கல்யாணத்தன்று. அன்று மாப்பிள்ளையே ஓட்டமுடியாதே, நாமக்கல்லிலிருந்து ஆக்டிங் டிரைவர் ஒருவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவனுக்குப் போன் போட்டார்கள். பெரியம்மாவை மண்டபத்தில் இறக்கிவிட்ட பிறகு, முக்காடு போட்ட ஒரு அம்மா தனியாக வந்து, ஒரே ஒரு சுற்று சுற்றிக்காட்டு சாமி என்று கேட்டதாகவும், பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பியதாகவும், யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அந்த அம்மா கையில் ஒரு வெற்றிலைப் பொட்டலம் கொடுத்ததாகவும், முகம் ஞாபகமில்லை என்றும் சொன்னான்.

காரை நிறுத்திவிடலாம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சென்னியப்பன் எழுந்தான். அவன் மகனுக்குத்தான் அடுத்த முறை, பாலக்காட்டில் பெண் பேசியாயிற்று, வைகாசியில் நிச்சயம். காற்றாகப் போன தொண்டையில், பக்கத்தில் இருந்தவர் எடுத்துச் சொல்லச் சொல்ல, இன்னும் அஞ்சு பேர் இருக்கிறார்கள், யாரோ ஒருத்திக்காக அஞ்சு குடும்பம் விளக்கேற்றாமல் கிடப்பதா என்று கேட்டான். அந்த ஒருத்தி எழுந்து தன் பேரைச் சொல்லட்டும், நிறுத்தலாம் என்றான். ஒருத்தியும் எழவில்லை. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சொல்லாம ஏறுனவ, சொல்லாமயே வாங்கிக் கட்டிக்கட்டும்" என்றேன்.

எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி தலையை ஆட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். அத்தோடு கூட்டம் கலைந்தது.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தான், மாமியார் மருமகளைப் பார்த்தாள். ஒருத்தி தண்ணித்தொட்டிப் படி ஏறி மூச்சு வாங்கினாள் என்று மூன்று நாள் அவள் வீட்டுக்கு யாரும் போகவில்லை. இன்னொருத்தி கோயிலில் நீண்ட நேரம் கும்பிட்டாள் என்று பேச்சு. எல்லோரும் எல்லோருடைய நெஞ்சையும் சாடையாகக் கவனித்தார்கள், காரோ தன் பாட்டுக்குத் தூசு தட்டிக்கொண்டு போய்ப் போய் வந்தது, எழுபத்தெட்டாயிரம், எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு, எழுபத்தொன்பதாயிரம் என்று கிருபாகரன் தினமும் மில் சுவரில் கரியால் எழுதிவைத்தான், ஜனம் வந்து கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துவிட்டுப் போனது. நானும் சந்தேகப்பட்டேன். பொங்கியண்ணனின் தங்கச்சியைச் சந்தேகப்பட்டேன், டீச்சரின் அம்மாவைச் சந்தேகப்பட்டேன், தெருவில் ஒரு வீடு விடாமல் சந்தேகப்பட்டேன். ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

காரை விற்ற அந்தக் கோயமுத்தூர் டாக்டர் மேலேயும் எனக்குச் சந்தேகம். வண்டிப் பேப்பரில் போட்ட வருஷத்தைவிடக் கார் பழசாக இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கம்பெனியிலிருந்து வந்த ஸ்டெப்னி டயர் மாறாமல் இருந்தால், அதன் பக்கவாட்டில் செய்த வாரமும் வருஷமும் அடித்திருக்கும். ஒரு நாள் காலை மில்லில் கார் நின்றிருந்தது. பின்கதவைத் திறந்தேன். ஏறவில்லை, கையை மட்டும் விட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காரில் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள். பொங்கியண்ணன் சொன்னதில்லை, உள்ளே வெள்ளை விரிப்பு, ஏறுகிறவர்களே கோயிலுக்குப் போகிற மாதிரி கழற்றிவிடுவார்கள், அதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுப் பின்னால் வைப்பது வழக்கம், இறங்கும்போது எடுத்துக்கொள்வார்கள். ஸ்டெப்னிக்கு மேலே அந்தச் சாக்கு கிடந்தது. தூக்கி நகர்த்தினேன். அதன் அடியிலிருந்து ஒரு ஜோடி செருப்பு விழுந்தது.

பெண்கள் செருப்பு. வலது வார் அறுந்து, லாரி டியூப் ரப்பரை வெட்டி, இரண்டு செப்பு ரிவெட் அடித்துத் தைத்திருந்தது. ஒரு ரிவெட் கொஞ்சம் கோணல். அந்தக் கோணலை எனக்குத் தெரியும். என் சுத்தியல் அன்றைக்குப் பிடி ஆடியது.

கிருபாகரன் கல்யாணத்தன்று, கோயிலில் செருப்பை எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நாச்சாயி வெறுங்காலோடு வந்தாள். நான் ஊரில் இருக்கிற திருடர்களை எல்லாம் திட்டினேன். சந்தையில் புதுச் செருப்பு வாங்கிக்கொடுத்தேன்.

டயரின் தேதியைப் பார்க்கவில்லை. பின்கதவைச் சாத்தினேன். மில் சுவரில் எழுபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு என்று இருந்தது. மத்தியானம் பாலக்காட்டுக்குப் பயணம்.

பொங்கியண்ணன் ஆபீசில் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். காரை இன்றைக்கு எடுக்காதே, செயினை மாற்றிவிடலாம், நானே மாற்றுகிறேன் என்றேன். சிரித்தான். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கவேண்டும் என்று கேட்டான். ஷோரூமில் அதற்கு என்ன கேட்பார்கள் தெரியுமா, இஞ்சினையே கீழே இறக்குவார்கள், அந்தக் காசுக்கு ஒரு பழைய டிராக்டர் வரும் என்றான். காசு என்னுடையது என்றேன். அப்போதுதான் எண்ணெய்க் கையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்களுக்கு எதுக்குங்க மாமா இத்தன அக்கற? நீங்கதான் ஏறவே இல்லீங்களே."

செருப்பை மேசைமேல் வைத்தேன். அவன் குனிந்து பார்த்தான். ஊரில் ரப்பர் வைத்து ரிவெட் அடிக்கிறவன் வேறு யாரும் இல்லை.

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு மண்டபத்துல நீங்கதானுங்க மாமா சொன்னீங்க" என்றான், மெதுவாக.

"சொன்னேன்."

"அத்தைக்குத் தெரியுமுங்களா?"

"இருமுனது அவதான்."

அவன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். செருப்பை என் பக்கம் நகர்த்தினான்.

பட்டறை அரைக் கிலோமீட்டர். யாரையும் ஓட்டிப் போக நான் விடவில்லை. டிராக்டரில் கட்டி இழுக்கலாம் என்றான் கிருபாகரன். சக்கரம் சுற்றினால் கணக்கு ஏறுமோ ஏறாதோ, யார் கண்டது. கிரேன் வைத்த போர்வெல் லாரி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, காரைச் சங்கிலி போட்டுத் தூக்கி, அந்தரத்தில் தொங்கவிட்டபடியே தெரு வழியாகக் கொண்டுபோனோம். ஜனம் வாசலுக்கு வந்து, செத்த மாட்டைத் தூக்கிப் போகிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. சென்னியப்பன் காற்றாகவே கத்திக்கொண்டு பின்னால் வந்தான். நாச்சாயியும் வாசலில் நின்றாள். கார் அவள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டு போனது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

மூலையில் கிடந்த லேத்து மிஷினை விற்றேன், கோயமுத்தூரிலிருந்து கம்பெனிச் செயினே வந்தது. பிரிக்கவே ஒன்பது நாள் ஆனது. அந்த மாதிரி இஞ்சினை நான் பிரித்ததில்லை. டீச்சர் ஒற்றைக் கண்ணால் புத்தகத்தை வாசித்துச் சொன்னாள், நான் பிரித்தேன். பட்டறை வாசலில் ஊர் முறை வைத்துக் காவல் இருந்தது. நான் காரைக் கெடுத்துவிடுவேன் என்று அவர்களுக்குச் சந்தேகம். அவர்கள் உள்ளே வந்து ஸ்டார்ட் பண்ணிவிடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன்.

பத்தாம் நாள் பழைய செயினை வெளியே எடுத்தேன். எண்பதாயிரம் ஓடின செயின். ஒரு கண்ணி தளரவில்லை, ஒரு கீறல் இல்லை, நேற்றைக்கு அச்சில் வார்த்து எடுத்த மாதிரி பளபளத்தது. கையில் லேசாகச் சூடு இருந்தது. இஞ்சின் ஒன்பது நாளாக ஓடவில்லை.

பட்டறை வழக்கம் ஒன்று உண்டு, கழற்றின பழைய சாமானை வண்டிக்காரன் கையில் கொடுத்துவிடவேண்டும். மாற்றினோம், ஏமாற்றவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பொங்கியண்ணன் கையில் கொடுத்தேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புதுசாட்டம் இருக்குதுங்களே. இதையா மாத்துனீங்க?"

"கொடு" என்று திரும்ப வாங்கிக்கொண்டேன். நாற்பது வருஷத்தில் அந்த வழக்கத்தை மீறினது அந்த ஒரு தடவை.

புதுச் செயின் போட்டு, மூடி, ஆயில் ஊற்றி, கிருபாகரனை ஓட்டச் சொன்னேன். பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பச் சொன்னேன், அவள் போன அதே சுற்று. நான் போய் வீட்டு அடுப்படி வாசலில் நின்றேன். நாச்சாயி கொள்ளு அரைத்துக்கொண்டிருந்தாள். கார் போகிற சத்தம் கேட்டது, திரும்புகிற சத்தம் கேட்டது, எண்பதாயிரத்துக்கு மீதியிருந்த இருபத்தெட்டு கிலோமீட்டர் ஆகிற வரைக்கும் அவன் எட்டுத் தடவை போய்ப் போய் வந்தான், அவள் அரைத்துக்கொண்டே இருந்தாள், கையின் தாளம் ஒரு தடவையும் தப்பவில்லை. கிருபாகரன் வாசலில் நின்று, தாண்டிவிட்டது என்றான்.

"என்னுங்க தாண்டுச்சு?" என்றாள் நாச்சாயி.

"ஒண்ணுமில்ல."

செருப்பை அவள் காலடியில் வைத்தேன். அரைக்கிற கை நின்றது. கோணல் ரிவெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிருந்துச்சுங்க?"

"கோயில்லதான் இருந்துது."

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுப் பார்த்தாள்.

"உள்ள நல்லாக் குளுகுளுன்னு இருந்துச்சுங்க" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு கார் காராகிவிட்டது. ஒரு மாசத்தில் ஏசி போனது, காரின் ஏசியே போனது. சென்னியப்பன் மகன் நிச்சயத்துக்குப் போகும்போது கேரள எல்லையில் வாளையாறுக்கு முன்னால் புகை விட்டு நின்றது. பெண் வீட்டார் டெம்போ வைத்துக்கொண்டு தேடி வந்தார்கள், அடித்துப்பிடித்து இறங்கின ஏழு பேர் வெயிலில் செருப்பில்லாமல் ரோட்டோரம் நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் சிரித்ததாம். கல்யாணம் ஆகிவிட்டது. பொங்கியண்ணனுக்கு மாசத்துக்கு ஒரு பில் வருகிறது, டை கட்டின பையன் காப்பி கொடுத்து உட்காரவைக்கிறான். முழங்கால் மட்டும் கிறீச்சிடுவதை நிறுத்திவிட்டது. இருந்தும் என்னோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. நல்ல வண்டியைப் பட்டறை மாரப்பன் கை வைத்துக் கெடுத்தான் என்பதுதான் ஊரில் பேச்சு. பொங்கியண்ணன் காரை விற்கப் பார்க்கிறான். தாராபுரத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு குறைச்சலாகச் சொல்கிறீர்களே, என்ன கோளாறு என்று சந்தேகமாகக் கேட்டாராம். நல்ல ஆள்.

பழைய செயின் என்னிடம் இருக்கிறது. ஒரு பெயிண்ட் டப்பாவில் எண்ணெய் ஊற்றி அதில் போட்டு, பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் நாச்சாயி எழுந்து பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டதும் போய், கம்பியால் தூக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்பேன். தேயவில்லை. துருவில்லை. வண்டியோடு இருந்த கணக்கு வண்டியோடு தீர்ந்துவிட்டது என்று டீச்சர் சொல்கிறாள், படித்தவள், இருக்கலாம். அந்த டப்பாவில் என்ன என்று நாச்சாயி கேட்டாள். பழைய சாமான் என்றேன். தூக்கிப் போடவேண்டியதுதானே என்றாள். போடமாட்டேன் என்றேன்.

இன்று காலையில் பார்த்தபோது எண்ணெய் ஒரு விரற்கடை குறைந்திருந்தது, டப்பாவில் ஓட்டை இல்லை, அலமாரியில் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊற்றி வைத்தேன்.